வேதாவின் நரம்பு மாத்திரை

வேதாவுக்கு ஒரு பெருமை இருந்தது. நகையைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியதல்ல. ஹைதராபாத் குஷாய்குடாவில் அவள் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளரை வாங்கி வாயில் வைப்பதற்குள் பேச்சு எப்படியோ சுற்றிக்கொண்டு அங்கேதான் வந்து நிற்கும்.

"எங்கூட்டுல ஒருத்தருக்கும் ஒரு பழக்கமும் கெடையாதுங்க" என்பாள். சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும்.

அதில் பொய் இல்லை. கணவர் பழனிசாமி பக்கத்திலிருந்த மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். வெற்றிலைகூடப் போட மாட்டார். கூட வேலை செய்பவர்கள் பிக்னிக் போனால் எல்லோருடைய வண்டிச் சாவிக்கும் பர்ஸுக்கும் காவல் அவர்தான். ஒரே மகள் சுபாஸ்ரீக்குக் கொண்டாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. ஆபீஸ் பார்ட்டிக்குப் போனாலும் ஆரஞ்சு ஜூஸோடு திரும்பி வந்து, வாசலிலேயே அம்மாவின் மூக்குக்கு நேராக வாயை ஊதிக் காட்டிவிட்டுச் சிரிப்பாள்.

வேதா பெருந்துறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இந்த ஊருக்கு வந்து இத்தனை காலமாகியும் அவளுடைய கொங்குப் பேச்சு துளியும் கரையவில்லை. தெலுங்கு மட்டும் காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்கு வந்தது.

சுபா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து வேதாவின் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. அலறியடித்து ரயில் ஏறினாள். ஈரோட்டில் இறங்கியபோது தம்பி ஈர வேட்டியோடு நின்றிருந்தான். எல்லாம் முடிந்துவிட்டது. பெற்றவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பார்க்காத அந்த முகம் அவள் இமைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடவிடாமல் செய்தது. ஹைதராபாத் திரும்பிய பிறகும் தூக்கம் வரவில்லை. தொழிற்சாலை டிஸ்பென்சரி டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரவுக்கு ஒன்று. அன்றைக்கு வேதா தூங்கினாள்.

அதற்குப் பிறகு மாதாமாதம் பழனிசாமி சாப்பாட்டு இடைவேளையில் டிஸ்பென்சரி வரிசையில் நின்று வாங்கி வந்தார். டாக்டர்கள் மாறினார்கள். பழைய சீட்டைப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதினார்கள். சுபா பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போய்விட்டாள். மாத்திரை நிற்கவில்லை. நிறுத்து என்று யாரும் சொல்லவும் இல்லை.

அதை வேதா தூக்க மாத்திரை என்று ஒருநாளும் சொன்னதில்லை. தூக்க மாத்திரை என்றால் வாழ்க்கை வெறுத்தவர்கள் விழுங்குவது. இது நரம்பு மாத்திரை. நரம்பு மாத்திரை என்றால் குடும்பப் பெண்கள் சாப்பிடுவது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. டிஸ்பென்சரியில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரைகளில் மிஞ்சியதை யாரும் தூக்கி எறிவதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. உறைமோர் கேட்டுப் போவதுபோல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பேதிக்கு ஒரு வீடு, மூட்டு வலிக்கு ஒரு வீடு. வேதாவின் பாட்டில் நரம்பு மாத்திரைக்குப் பேர் போனது. பையனுக்குப் பரீட்சைப் படபடப்பு என்று வந்தாலும், மாமியாரோடு மனஸ்தாபம் என்று வந்தாலும் பாதி உடைத்துக் கொடுப்பாள். அவளும் அப்படித்தான். ஊரிலிருந்து நாத்தனார் வருகிறாள் என்று தெரிந்தால் பகலிலேயே பாதி போட்டுக்கொள்வாள். உள்ளே யாரோ மெதுவாக விசிறிவிடுவது போலிருக்கும். நாத்தனார் என்ன சொன்னாலும் அது பக்கத்து வீட்டு ரேடியோபோல் எங்கோ கேட்கும்.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்தவள் யாதம்மா. இரும்பு உடம்பு. காலையிலிருந்து வீடு வீடாகத் தேய்த்துவிட்டு, மத்தியானம் கள்ளுக் காம்பவுண்டில் போய் உட்காருவாள். அங்கே ஆணும் பெண்ணும் சீசாவும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலப் பாத்திரத்துக்கு வரும்போது யாதம்மாவின் கண் பாதி மூடியிருக்கும். புளித்த வாடை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். ஒன்றும் வம்பு செய்ய மாட்டாள். தனக்குள் சிரித்துக்கொண்டே தேய்ப்பாள். ஆனால் வேதாவுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே உடம்பு எரியும்.

இந்த நிலையில்தான் சுபாவுக்கு அந்த வரன் வந்தது. பையன் பெயர் ஷ்யாம். அவனுக்கும் கொண்டாப்பூரில்தான் வேலை. சொந்த ஊர் ஈரோடு. தெரிந்தவர்கள் மூலம் ஜாதகம் வந்து பொருந்தி, ஷ்யாமும் சுபாவும் இரண்டு தடவை காபி ஷாப்பில் பார்த்துப் பேசியும் ஆயிற்று. சுபாவின் முகத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் வந்திருந்தது. போன் அடித்தால் அடுப்படியிலிருந்து ஓடினாள். வேதா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். இந்த இடம் தவறிவிடக் கூடாதே என்று மனசுக்குள் தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டாள். பையனைப் பெற்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சேதி அனுப்பியிருந்தார்கள். நல்ல குடும்பம், ஒரு பழக்கமும் இல்லாத வீடு என்று கேள்விப்பட்டதால்தான் இவ்வளவு தூரம் வருகிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர்கள் முன்னால் யாதம்மா கள்ளு வாடையோடு வந்து நின்றால்?

வேதா முடிவெடுத்துவிட்டாள். இனிமேல் கள்ளைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய், இல்லாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள் என்றாள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். அதுவும் உண்மைதான். எல்லம்மா கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னபோது யாதம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லம்மாவுக்கே ஆடியில் வரும் போனாலுப் பண்டிகையில் கள்ளுதானே படைக்கிறோம், அவள் முன்னால் போய் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். வேதா விடவில்லை. கையைப் பிடித்துப் பூஜை அலமாரிக்கு முன்னால் இழுத்துப்போனாள். அங்கே பழனியாண்டவர் படம்.

யாதம்மா படத்தையும் வேதாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஈ சாமிக்கி தெலுகு வஸ்ததாம்மா?" இந்தச் சாமிக்குத் தெலுங்கு வருமா?

"அவருக்கு எல்லாம் வரும். கையை வை."

வைத்தாள். வைத்த கை கல்லில் தேய்ந்து வெடித்த கை. வேதா அந்தக் கையின்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். ஒரு ஜீவனைக் கரையேற்றிவிட்டோம் என்று அன்றைக்கு அவள் மனம் குளிர்ந்துபோயிருந்தது.

யாதம்மா சொல் தவறவில்லை. கொடுமை அதுதான்.

மறுநாள் வந்தபோது முகம் கறுத்திருந்தது. தூங்கவே இல்லை என்றாள். அதற்கடுத்த நாள் கை நடுங்கி இரண்டு டம்ளரைக் கீழே போட்டாள். சுவரில் எறும்பு வரிசையாக ஏறுகிறது என்று காட்டினாள். வேதா பார்த்தாள், வெறும் சுண்ணாம்புச் சுவர். கள்ளுக்குப் போக இப்படி ஒரு வழியா என்று நினைத்தாள். நடிக்காதே என்று வாய்விட்டும் சொன்னாள். யாதம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கத் துவைகல்லுக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வேதா ஓடிப்போய்ப் பார்த்தபோது யாதம்மா தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். கண் மேலே செருகியிருந்தது. கடித்த நாக்கிலிருந்து ரத்தம், சோப்பு நுரையோடு கலந்து ஓடியது.

நல்ல வேளையாக சுபாவுக்கு அன்று மத்தியான ஷிஃப்ட். அவள்தான் ஆட்டோ பிடித்தாள். ஆட்டோக்காரர் பார்த்த உடனேயே கள்ளு கேஸ் என்று சொல்லிவிட்டு, "நக்கோ மா, காடி மே குச் ஹோகயா தோ?" என்று, வண்டிக்குள்ளேயே ஏதாவது ஆகிவிடுமோ எனப் பயந்து பின்வாங்கினார். சுபா இந்தியில் அவரோடு சண்டை போட்டு ஏற்றினாள். வழி முழுக்க யாதம்மாவின் தலை வேதாவின் மடியில் கிடந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அந்த வார்டைப் பார்த்ததும் வேதா வாசலிலேயே நின்றுவிட்டாள். யாதம்மாவைப் போலவே நடுங்கிக்கொண்டும் எதையோ காற்றில் பிடித்துக்கொண்டும் இன்னும் பல பேர் கிடந்தார்கள். டாக்டர் தெலுங்கில் விசாரித்தார். யார் இவளைக் கள்ளை நிறுத்தச் சொன்னது என்று கேட்டபோது, வேதா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் மெதுவாகக் கையைத் தூக்கினாள். டாக்டர் திட்டவில்லை. இங்கிலீஷில் சுபாவிடம் என்னவோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சுபா அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மொழிபெயர்த்தவர் ரோஸ்லின். நாகர்கோவிலிலிருந்து வந்து அந்த ஆஸ்பத்திரியிலேயே வெகுகாலமாக நர்ஸாக இருப்பவர்.

"கள்ளுன்னு பேருதான்க்கா. இருக்கிற மரத்துக்கு இத்தன ஜனத்துக்கு எங்கேருந்து கள்ளு வரும்? தண்ணிய ஊத்தி, சக்கரையப் போட்டு, போதைக்கு மாத்திரைப் பொடியக் கலக்குறது. நாளும் குடிச்ச உடம்பு. டக்குன்னு நிறுத்தினா வலிப்பு வரும். செத்தும் போவாங்க. நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இப்படிச் செய்யக் கூடாதுக்கா."

சொல்லிக்கொண்டே யாதம்மாவுக்குக் கொடுக்க ஒரு மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கினார். சின்ன வெள்ளை மாத்திரை. வேதா அதைப் பார்த்தாள். பட்டையை வாங்கி அதன்மேலிருந்த எழுத்தைப் பார்த்தாள்.

"சிஸ்டர், இது என்ன மாத்திரைங்க?"

"கள்ளுல கலந்திருந்த ஜாதிதான். இதையே குடுத்துத்தான் கொஞ்சங் கொஞ்சமா எறக்கணும்."

"இது நரம்பு மாத்திரைங்க" என்றாள் வேதா. "நான் தெனமும் போடறதுங்க."

ரோஸ்லின் எத்தனை நாளாக என்று கேட்டார். வேதா சொன்னாள். அவர் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, டாக்டரைக் கேட்டு மெதுவாகக் குறைக்கச் சொன்னார். "நாளைக்கே நிறுத்திராதீங்க. இவளப் பாத்தீங்கல்ல" என்றார்.

அன்று வீடு திரும்பிய வேதா அடுப்பு பற்றவைக்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வயிற்றில் இத்தனை வருஷமாகப் போனது மருந்தா, கள்ளா? தெய்வமே, யாருடைய கையைப் பிடித்து யார் சத்தியம் வாங்கியது?

பழனிசாமிக்கு இதில் குழப்பமே இல்லை. "டாக்டர் சீட்டு இருந்தா மருந்து. சீட்டு இல்லாம தின்னா போதை. நீ எதுக்கு மனசப் போட்டு ஒழப்பிக்கற?"

"அப்ப ஒரு காயிதத்துலதான் வித்தியாசம் இருக்குதுங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுபா வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, ஆமெ கிக் கோசம் தாகிந்தி, போதைக்காகக் குடிச்சா. நுவ்வு தூங்கறதுக்குப் போடற. டிஃபரன்ஸ் இருக்கில்ல?"

வேதாவும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டாள். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தெளிந்து உட்கார்ந்திருந்த யாதம்மாவிடம் எதற்காகக் குடித்தாய் என்று கேட்டாள். தோளிலிருந்து இடுப்புவரை அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும், குடித்தால் உடம்பு பஞ்சுபோல் ஆகும், படுத்தால் தூக்கம் வரும், அவ்வளவுதான் என்றாள் யாதம்மா. போதைக்காக என்று அவள் சொல்லவே இல்லை. வேதாவுக்கோ நாத்தனார் வந்த பகல்களின் நினைவு வந்தது. அந்தப் பாதி மாத்திரை எந்த நோய்க்கு? எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? உள்ளே விசிறிவிட்டதே, அந்தச் சுகத்துக்கு என்ன பெயர்? தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்தே மனம் அந்த மாத்திரையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுமே, அதற்கு என்ன பெயர்?

டிஸ்பென்சரிக்கு அவளே போனாள். அங்கிருந்த புது டாக்டர், நன்றாகத் தூக்கம் வருகிறதா, பிறகு எதற்குத் தொந்தரவு என்று வழக்கம்போல் எழுதித் தந்தார். ஆஸ்பத்திரி டாக்டரோ குறைக்க வேண்டும் என்றதோடு, எப்படிக் குறைப்பது என்பதையும் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் டாக்டர்கள். இரண்டு பேரும் படித்தவர்கள். வேதா யாதம்மா கிடந்த கிடையை நினைத்தாள். மாத்திரையின் ஓரத்தைப் பிளேடால் சீவி, மிச்சத்தை விழுங்கத் தொடங்கினாள். தூக்கம் துண்டு துண்டானது. கையில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்து தங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஷ்யாமின் அப்பா சின்னசாமி அமைதியானவர். அம்மா கலகலப்பானவர். சோபாவில் உட்கார்ந்த சில நிமிஷத்திலேயே சுபாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். வேதா உள்ளே ஜிலேபி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதி போதும், கை நடுக்கம் நின்றுவிடும், பெண்ணுடைய வாழ்க்கையாயிற்றே என்று மனம் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டோடு வெளியே வந்தாள்.

"எங்க பையனுக்கு ஒரு பழக்கமும் கெடையாதுங்க" என்றார் ஷ்யாமின் அம்மா. "உங்கூட்டுலயும் அப்படித்தான்னு சொன்னாங்க. அதான் எனக்கு இந்த எடம் ரொம்பப் புடிச்சுது."

பழனிசாமி மனைவியைப் பார்த்தார். சுபாவும் பார்த்தாள். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்ல வேண்டிய இடம். தட்டில் ஸ்பூன்கள் கிணுகிணுவென்று ஆடின.

"ஏனுங்க்கா, கை இப்படி நடுங்குது? ஒடம்பு சரியில்லீங்களா?"

"நான் தெனமும் ஒரு மாத்திரை போட்டுட்டு இருந்தனுங்க" என்றாள் வேதா. "தூக்கத்துக்கு. இப்பக் கொறைக்கறேன். அது மருந்தா பழக்கமான்னு எனக்குத் தெரியலீங்க. உங்ககிட்ட மறைச்சுப் பொண்ணக் குடுக்க மனசில்லை."

பழனிசாமி தலையைக் குனிந்துகொண்டார். சுபாவின் முகத்திலிருந்த அந்தப் புது வெளிச்சம் அணையப் பார்த்தது. ஆனால் ஷ்யாமின் அம்மா கலகலவென்று சிரித்துவிட்டார்.

"இதுக்கா இப்படிப் பயந்தீங்க? நல்லாத் தூக்கம் வருதுங்களா அதுல? எனக்கு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்பறம் கண்ணே மூடாது. உங்க கம்பெனி மருந்து நல்லா இருக்கும்பாங்க. ஒரு பத்து இருந்தாக் குடுங்க, ஊருக்குக் கொண்டுபோறேன்."

பழனிசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானே எடுத்து வருகிறேன் என்று எழுந்தார். வேதா அடுப்படி வாசலில் போய்க் குறுக்கே நின்றாள். இந்த வீட்டிலிருந்து இதுவரை யாருக்கும் மாத்திரை இல்லையென்று சொன்னதில்லை. கேட்பவரோ பெண்ணுக்கு மாமியாராக வரப்போகிறவர். கண்ணுக்கு முன்னால் துவைகல்லும் நுரையும் ரத்தமும் வந்து நின்றன.

"எடுக்காதீங்க" என்றாள். பிறகு விருந்தாளியைப் பார்த்து, "தரமாட்டனுங்க்கா. மன்னிச்சுக்கோங்க. நான் போடறேன், ஆனா உங்களுக்குத் தரமாட்டேன்."

"நான் என்ன வெசமாங்க கேட்டுட்டேன்?"

"அதுதாங்க எனக்கும் தெரியலை."

கலகலப்பு அதோடு போயிற்று. ஜிலேபி அப்படியே இருந்தது. அவர்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்கள். கேட்டு சாத்தியதும் சுபா உள்ளே போய்க் கதவைப் போட்டுக்கொண்டாள். பழனிசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெற்ற பெண்ணின் சந்தோஷத்தை ஒரு பட்டை மாத்திரைக்காகப் பலி கொடுத்துவிட்டோமோ என்று வேதா அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு வாரம் போல் ஈரோட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு சின்னசாமி போன் செய்தார். பழனிசாமியிடம் அல்ல, வேதாவிடம் பேச வேண்டும் என்றார்.

"மாப்பிள்ளை வீடு கேட்டு எந்தப் பொண்ணு வீட்டுலயும் இல்லைன்னு சொல்லி நான் பாத்ததில்லீங்க. என்ன காரணமுங்க?"

வேதா யாதம்மாவின் கதையைச் சொன்னாள். சத்தியம் வாங்கியது, வலிப்பு வந்தது, எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். கூடவே ஒன்றும் சொன்னார். ஈரோட்டு மெடிக்கல் ஷாப்பில் அந்த மாத்திரையைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். வீட்டில் அவர் மனைவி இப்போது நன்றாகத் தூங்குகிறாராம். உங்கள்மேல் மட்டும் கோபம் இன்னும் தீரவில்லை, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார்.

சுபா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வேதா சிரித்தாள், அழுதாள். ஆனால் அந்த அம்மாளின் தூக்கம் அவள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தடுத்தோமா, தடுக்கவில்லையா?

யாதம்மா வேலைக்குத் திரும்பிவிட்டாள். மெலிந்துவிட்டாள். சிரிப்பைக் காணோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை வீட்டில் வைத்தால் புருஷன் எடுத்து விழுங்கிவிடுகிறான் என்று வேதாவிடமே கொடுத்து வைத்திருந்தாள். சாயங்காலப் பாத்திரம் முடிந்ததும் வேதா இரண்டு பேருடைய பட்டையையும் எடுத்து வைத்துக்கொள்வாள். டாக்டர் சொன்ன அளவுக்கு அவளுடையதை ஒரு பக்கமும் தன்னுடையதை ஒரு பக்கமும் பிளேடால் நறுக்குவாள். நறுக்கிய பிறகு எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஒருநாள் யாதம்மா தன் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நேனு இப்புடு மானேசினானா? தாகுத்துன்னானா?" விட்டுவிட்டேனா, குடித்துக்கொண்டுதான் இருக்கிறேனா?

வேதா பூஜை அலமாரியைப் பார்த்தாள். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு அவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள்.

"தெரியலை யாதம்மா. முழுங்கு" என்றாள்.